பன்னிரண்டு அடித்த பிறகு

திருகோணமலையில் மூன்றாம் நாள் பின்னேரமே என்னுடைய டேட்டா முடிந்துவிட்டது. முப்பது ஜிபி என்று சொல்லித்தான் போட்டுத் தந்தார்கள். நான் படம் பார்க்கவும் இல்லை, ஒன்றையும் இறக்கவும் இல்லை. உவர்மலையில் மாமி வீட்டு விறாந்தையில் இருந்து மகளுக்கு வீடியோ கோல் எடுத்தால், அவளுடைய முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது.

ஜேர்மனியில் இருக்கிற எங்களுக்கு ரோமிங் விஷயத்தில், அதுதான் ஊர்ச் சிம்மையே வெளிநாட்டிலும் பாவிப்பதில், ஒரு கெட்ட பழக்கம் பிடித்திருக்கிறது. 2017 ஜூன் தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிக் கட்டணம் இல்லை. இத்தாலிக்குப் போனாலும் ஸ்பெயினுக்குப் போனாலும் வீட்டில் பாவிப்பது போலவே பாவிக்கிறோம். அந்த நினைப்போடு கட்டுநாயக்காவில் இறங்கினால், பில் வரும்போது நெஞ்சைப் பிடிக்க வேண்டியதுதான். போன முறை எனக்கு அது நடந்தது. அதுவும் பேசியதற்கு இல்லை, பேசாததற்கு. யாரோ எடுத்த கோலை நான் தூக்கவில்லை. அது ஜேர்மனியில் இருந்து இலங்கை வரை வந்து, திரும்பவும் ஜேர்மனியில் உள்ள, குரல் பதிகிற மெயில்பொக்ஸுக்கே போயிருக்கிறது. வந்ததற்கு ஒரு காசு, திரும்பிப் போனதற்கு இன்னொரு காசு. இந்த முறை விமானம் ஏற முன்னமே ##002# அடித்து, கோல் திருப்பிவிடுவதையெல்லாம் நிறுத்திவிட்டேன். டேட்டா ரோமிங்கும் நிறுத்தம். பழைய சிம்மைக் கழற்றவில்லை. வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ் அதற்குத்தானே வரும்.

போனில் இருந்த இ-சிம், அதாவது அட்டை போடாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம், வீட்டில் இருந்தே வாங்கியது. பெட்டி வரும் பெல்ட்டடியில் நிற்கும்போதே இன்டர்நெட் வந்துவிட்டது. பரவாயில்லையே என்று நினைத்தேன். ஆனால் அது டேட்டா மட்டும், நம்பர் கிடையாது. வெளியே நின்ற வான் டிரைவரிடம் இருந்தது பட்டன் போன். அவருக்கு வட்ஸ்அப்பும் இல்லை, வைபரும் இல்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு ஐயாவின் போனை வாங்கித்தான் டிரைவரைப் பிடித்தேன். ஹபரணை தாண்டிக் கந்தளாய்க்கு வரும் காட்டுப் பாதையில் சிக்னல் போய்ப் போய் வந்தது. யானை நிற்குதா என்று பார்த்துக்கொண்டு வந்ததில் அது பெரிதாகத் தெரியவில்லை.

"மாமா, இங்கத்தைய சிம் ஒண்டு எடுங்கோ" என்று மச்சானுடைய மகன் மறுநாள் காலையே கூட்டிக்கொண்டு போனான். என்னிடம் 075 இல் தொடங்கும் பழைய ஏர்டெல் சிம் ஒன்று கிடந்தது. அந்தக் கொம்பனியே 2024 இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது என்று அவன்தான் சொன்னான். டவுனில் நாங்கள் ஏறிய சின்னக் கடைகளில் ரீலோட் போடலாம், ஆனால் பாஸ்போர்ட்டுக்குச் சிம் பதிய அவர்களுக்கு விருப்பமில்லை. மாமி தன்னுடைய அடையாள அட்டையில் எடுக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். நான் போன பிறகு அந்த நம்பரால் வரும் தலையிடி அவருக்கு எதற்கு? ஆகவே ஒரு கொம்பனியின் கிளைக்கே போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டு வந்து பிறந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"ட்ரிங்கோமலி எண்டு கிடக்கு. ஊராளுக்கு ஏனண்ணா டூரிஸ்ட் சிம்?"

"புத்தகம் ஜேர்மன்காரன்ரை தானே, தங்கச்சி."

சிரித்துக்கொண்டே பதிந்து தந்தார். வட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று போன் கேட்டது, வேண்டாம் என்று அமத்தினேன். வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

அங்கிருந்து நேரே கோணேசர் கோயிலுக்கு. பிரெட்ரிக் கோட்டை வாசல் தாண்டியதும் மான்கள். அதில் ஒன்று வந்து மருமகனின் கையில் இருந்த கடலைப் பையை மோந்து பார்த்தது. மேலே இராவணன் வெட்டடியில் சிக்னல் நன்றாக இருந்தது. ஒரு அம்மா போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்து, "தெரியுதே, தெரியுதே" என்று கனடாவில் இருக்கிற மகனைக் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் விடவில்லை, ஒரு மணித்தியாலம் வீடியோவாக எடுத்துத் தள்ளினேன்.

டேட்டா போன வழி அதுதான். எடுக்கும் படத்தையெல்லாம் தானாக மேலே ஏற்றச் சொல்லி ஜேர்மனியில் போட்ட செட்டிங் அப்படியே இருந்தது. மருமகன் பற்றுச்சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"மாமா, பகலுக்குப் பன்னிரண்டு ஜிபிதான். மிச்சப் பதினெட்டும் இரவு டேட்டா."

இரவு என்றால் பொழுதுபட்ட பிறகு என்று நினைத்தேன். இல்லை, நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்குப் பிறகு. பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் கேட்கவும் இல்லை, யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. முப்பது என்று பெரிதாக எழுதுகிறவர்களுக்குப் பன்னிரண்டு என்றும் அதே அளவில் எழுதலாம்தானே.

அன்றிரவே கரண்டும் போனது. "பாணந்துறைக் குரங்கா இருக்கும்" என்றான் மருமகன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதில் இருந்து இந்தப் பகிடி ஓடுகிறதாம். கரண்ட் இல்லாவிட்டாலும் டவர்கள் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓடும். பவர் பேங்கைக் கொண்டுபோனதற்கு அன்றுதான் பலன் கிடைத்தது.

நிலாவெளிப் பக்கம் போனபோது டொய்ச்ச வெல்ல வானொலியின் பழைய மறுஒலிபரப்பு நிலையத்தை நினைத்துக்கொண்டேன். ஜேர்மன்காரர் எண்பதுகளில் இங்கே இருந்து சிற்றலையில் ஆசியாவுக்கு ஒலிபரப்பினார்கள். ஜேர்மன் மொழி என் காதில் முதலில் விழுந்தது எங்கள் வீட்டு ரேடியோவில்தான். இப்போது அங்கே இருக்கும் பிள்ளையோடு கதைக்க நான் இங்கே மணி பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மணி கணக்குப் பார்த்ததில் ஒன்று சரியாக விழுந்தது. ஆகஸ்டில் ஜேர்மனி நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால். இங்கே பன்னிரண்டு அடிக்கும்போது அங்கே இரவு எட்டரை, மகள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிற நேரம். பிறகென்ன, பகலில் ஒரு குட்டித்தூக்கம், சாமத்தில் விறாந்தை. நாலாம் இரவு மாமியும் எழும்பி வந்து பக்கத்தில் கதிரையைப் போட்டார். முகம் உறையாமல் துப்புரவாகத் தெரிந்தது. மகள் போனைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினாள். பின்னால் மரங்களில் மஞ்சள் வெயில்.

மாமி இருட்டுக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

"எட்டரை எண்டாய். உங்கை இன்னும் பொழுது படேல்லையே?"