பொனேரா, கோசுமெலா: டேங்க்கைச் சுமப்பது யார்?

பவளப்பாறை அழகிலும் தண்ணீர்த் தெளிவிலும் இந்த இரண்டு கரீபியன் தீவுகளைத் தராசில் வைப்பது வீண் வேலை. வித்தியாசம், ஸ்கூபா டைவை நடத்துவது யார் என்பதில்தான். பொனேரில் நீங்கள், கோசுமெலில் நீரோட்டம்.

டச்சு ஆட்சிக்குட்பட்ட பொனேரில் முதலில் வாடகைக்கு எடுக்க வேண்டியது படகல்ல, பிக்கப் வண்டி. பின்னால் மூச்சுக் காற்று அடைத்த நாலைந்து டேங்க்கை ஏற்றிக்கொண்டு மேற்குக் கரையோரம் போனால் சாலையோரம் மஞ்சள் பூசிய கற்கள் தென்படும்; ஒவ்வொன்றிலும் ஒரு டைவ் இடத்தின் பெயர். சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. கட்டணம் கட்டி, முதலில் ஒரு பழகு டைவ் முடித்தால், அதன்பின் நேரமும் இடமும் உங்கள் இஷ்டம்.

பலர் சறுக்குவது ஆழத்தில் அல்ல, கரையிலிருந்து முதல் பத்து அடியில். காலடியில் செத்த பவளத் துண்டும் வழுக்குப் பாறையும். தடித்த அடியுள்ள பூட்ஸும் அதன்மேல் மாட்டும் வார் வைத்த ஃபின்னும் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) கட்டாயம் வேண்டும். ஃபின்னைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு நடப்பவர் அலையில் மல்லாந்து விழுவார். மிதக்க உதவும் பிசிடி அங்கியில் காற்றேற்றி, மூச்சுவிடும் ரெகுலேட்டரை வாயில் வைத்தபடி இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய், மிதந்துகொண்டே மாட்டுவதுதான் சரி. போகும்போது ஓட்டத்துக்கு எதிராக, திரும்பும்போது அதனோடு. டேங்க்கில் 200 பார் காற்றழுத்தத்தோடு இறங்கினால் 120-லேயே திரும்புங்கள். 50 பார் மிச்சத்தோடு கரையேறலாம். வண்டியில் பணம், போன் எதையும் விடாதீர்கள். கதவைப் பூட்டாமல் கண்ணாடியை இறக்கி வைப்பதே அங்கே வழக்கம். பூட்டினால் உடைவது கண்ணாடிதான்.

அங்குள்ள ஹில்மா ஹூக்கர், 1984-ல் மூழ்கிய 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். கஞ்சாவோடு பிடிபட்ட அது, 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. உடலில் நைட்ரஜன் அளவுமீறிச் சேராமல் அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 20 நிமிடம் தங்கலாம், 32 நைட்ராக்ஸில் (32 சதவீத ஆக்ஸிஜன் உள்ள கலவை) 30.

மெக்சிகோவின் கோசுமெலில் டேங்க்கைப் படகுக்காரர் பார்த்துக்கொள்வார். பலான்கார், சாண்டா ரோசா சுவர் போன்ற டைவ் இடங்களில் இறக்கிவிடுவார்கள். நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகும், மேலே படகு குமிழிகளைப் பின்தொடரும். காது அடைத்து மெதுவாக இறங்குபவர் குழுவைத் தவறவிடுவது இங்கே சாதாரணம். படம் எடுக்க ஓட்டத்தை எதிர்த்து உதைப்பவருக்குக் காற்று பாதியிலேயே தீரும். பாறை மேட்டின் மறைவில் ஓட்டம் தணியும், அங்கே ஒதுங்குங்கள். படகுக்கு உங்கள் இடத்தைக் காட்டும் குழாய் மிதவை ஆளுக்கொன்று இல்லாமல் மேலே வரக்கூடாது. புன்டா சுரிலுள்ள 'பேய்த் தொண்டை' குகையில் வெளியேறும் வாய் 40 மீட்டரை ஒட்டியது. 32 நைட்ராக்ஸின் எல்லை 33 மீட்டர்தான், அந்தக் கலவையோடு உள்ளே நுழையவே கூடாது.

வானிலையில் பொனேருக்கே என் ஓட்டு. அது புயல் பாதைக்குத் தெற்கே. 1999-ல் லென்னி புயலின் அலை கரையைச் சிதைத்தது விதிவிலக்கு. கோசுமெலை 2005-ல் வில்மா நேரடியாகவே அடித்தது. குளிர்காலத்தில் வடகாற்று எழுந்தால் துறைமுகமே சிறு படகுகளுக்கு மூடப்படும். ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பவளத்தின் திசுவை அழிக்கும் நோய் இரு தீவுகளிலும் பரவியிருப்பதால், பயணத்துக்கு முன்பும் பின்பும் உடை, பிசிடி எல்லாவற்றையும் கிருமிநீக்கி காயவைக்க வேண்டும்.

டைவ் செய்யாதவர் கூட வந்தால் கோசுமெல்தான். இஷ்செல் தெய்வத்தோடு தொடர்புள்ள சான் கெர்வாசியோ மாயா இடிபாடுகள் தீவிலேயே உண்டு. பொனேரில் பெக்கல்மேரின் பூநாரைகள், உப்பு வயல்கள், 1850-ல் கட்டிய அடிமைகளின் குடில்கள்: அரை நாளில் முடிந்துவிடும். வாஷிங்டன் ஸ்லாக்பாய் பூங்காவுக்கு மட்டும் தனி நாள் ஒதுக்குங்கள். 241 மீட்டர் பிரண்டாரிஸ் குன்றை டைவ் முடித்த கையோடு ஏறாதீர்கள்.

உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, பல டைவுகளுக்குப் பின் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கோசுமெலில் அந்த நாளை வீணாக்காமல் பிளாயா டெல் கார்மெனுக்குப் படகேறி, துலும் இடிபாடுகளைப் பார்த்துவிடலாம்.