பத்து நாளில் நாலு கிலோ: லேபிள் இல்லாத "மூலிகை" கேப்ஸ்யூல், எச்சரிக்கை

சென்னையில் எடை குறைப்பு பேக்கேஜுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

வேளச்சேரிப் பக்கம் ஒரு மையம். போனவர் 41 வயதுப் பெண், எடை 74 கிலோ. மூன்று மாத பேக்கேஜ் 24,000 ரூபாய், முழுப் பணமும் முதலிலேயே. கையில் கொடுத்தது ஜிப் கவரில் 60 கேப்ஸ்யூல், இரவில் குடிக்க ஒரு பொடி. இரண்டிலும் லேபிள் கிடையாது. "எல்லாம் மூலிகைதான் மேடம், பசியே எடுக்காது, நீங்க எதையும் மாத்த வேண்டாம்" என்றார்கள். பத்தாம் நாள் 4 கிலோ குறைந்திருந்தது. மூன்றாம் வாரம் தூக்கம் போனது, வாய் உலர்ந்தது, படபடப்பு வந்தது. 120/80 இருந்த பி.பி. 160/100. டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதமே எடை பழையபடி 74. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்க டயட்டை ஒழுங்கா ஃபாலோ பண்ணலை" என்று பதில். எதையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னவர்களே இவர்கள்தான்.

அந்த 4 கிலோவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 4 கிலோவுக்கு 30,800. பத்து நாளில் கரைய வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 3,080. இவர் உடல் ஒரு நாளில் செலவழிப்பதே ஏறக்குறைய 1,900தான். ஒரு பருக்கை சோறு தொடாமல் கிடந்தாலும் கணக்கு இடிக்கும். குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை 400, 500 கிராம் வரை சேர்த்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து இறங்கும், ஒன்றரை முதல் இரண்டு கிலோ. இரவுப் பொடியில் நிலாவரை மாதிரி பேதி மருந்து இருந்தால் இன்னும் இறங்கும். போதாததற்கு, முதல் தடவை மாலையில், சாப்பிட்ட வயிற்றோடு எடை பார்த்துவிட்டு, அடுத்த தடவை காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். அதிலேயே ஒரு கிலோ வித்தியாசம் வரும். கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷினும் உடம்பில் உள்ள தண்ணீரை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அது அச்சிட்டுத் தரும் தாளை நம்பி இரண்டாவது பேக்கேஜ் எடுக்காதீர்கள்.

கேப்ஸ்யூலில் என்ன இருந்தது என்று லேப் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது. ஆனால் "மூலிகை" என்று விற்கப்படும் பசியடக்கிகளில் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடிபடுவது சிபுட்ரமின் என்ற ரசாயன மருந்து. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதால் 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது. இந்தியா 2011-ல் தடை செய்தது. வாய் உலர்வு, தூக்கமின்மை, படபடப்பு, பி.பி. ஏற்றம் எல்லாம் அதன் அடையாளங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து.

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. ஆர்லிஸ்டாட், செமாக்ளுடைட், டிர்செபடைட் எல்லாம் ஆராய்ந்து அனுமதிக்கப்பட்டவை. செமாக்ளுடைட் ஊசி வாரம் ஒருமுறை 0.25 மி.கி.யில் தொடங்கி மாதக்கணக்கில் மெதுவாக ஏற்றப்படுவது. திறக்காத ஊசிப் பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், அதனால் சாப்பாட்டு மாற்றம் அப்போதும் தேவை. டாக்டர் சீட்டு இல்லாமல் பார்லரிலோ ஜிம்மிலோ ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது.

சாப்பாட்டில் எங்கே குறைப்பது? முதலில் எண்ணெய் டின்னைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் போகிறதென்றால் ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி, சுமார் 270 கலோரி. அதைப் பாதியாக்கினால் 135 மிச்சம். மூன்று வேளை காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரையை விட்டால் 120. ராத்திரி ஒரு கப் சோற்றைக் குறைத்தால் 200. அந்த இடத்தில் சுண்டலோ இரண்டு முட்டையோ வையுங்கள், ஆனால் அதன் கலோரியையும் கழித்துக்கொள்ளுங்கள். புரதம் பசியை நெடுநேரம் தாங்கும். பசியோடு படுத்தால் மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிடும். 45 நிமிடம் வேகநடை 150 கலோரி போலச் செலவழிக்கும். எல்லாம் சேர்ந்தால் வாரம் அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். வாரம் ஒரே நாள், காலையில் கழிப்பறை போய்வந்த பின், ஒரே தராசில் பாருங்கள். கூடவே இடுப்புச் சுற்றளவையும்: பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது.

ஏற்கெனவே அந்த மாதிரி கேப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்கள் நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். பி.பி., ஈ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின், தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே 108.

பணம் போனவர்களுக்கு: உடல் பருமனைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அந்த விளம்பர நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள். மருந்தைப் பற்றிய புகாரைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்து கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பணத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பி.பி. எழுதிய சீட்டு, மீதி கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.