பிறக்கும்போதே பூட்டா, பிறந்த பிறகு பூட்டா? ஓப்பன், சிஎச்மாட், எஃப்-சிஎச்மாட்

லினக்ஸில் ஒரு ஃபைலுக்கு 0600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி, போட மூன்று வழி இருக்கிறது. (கடைசி மூன்று இலக்கங்கள் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர்கள்; 4 என்றால் படிக்க, 2 என்றால் எழுத.) உருவாக்கும் ஓப்பன் அழைப்பிலேயே இந்த அனுமதி எண்ணை, அதாவது மோடைக் கொடுத்துவிடலாம். உருவாக்கிவிட்டுப் பெயரைச் சொல்லி, மோடை மாற்றும் சிஎச்மாட் செய்யலாம். அல்லது கையில் இருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டரை, அதாவது திறந்த ஃபைலுக்குக் கிடைக்கும் எண்ணை வைத்து எஃப்-சிஎச்மாட் செய்யலாம். கடைசியில் எல்எஸ் அடித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். வம்பெல்லாம் நடுவில்தான்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலை ஒரு டைரக்டரியில் எழுதி வைக்கும் புரோகிராம் இருந்தது. முதலில் ஃபைலை உருவாக்கும், அடுத்த வரியிலேயே சிஎச்மாட் 0600. யார் போய்ப் பார்த்தாலும் 0600 என்றே காட்டும். ஆனாலும் பட்டியல் வெளியே போயிருந்தது. அதே டைரக்டரியில் புது ஃபைல் வந்தால் உடனே திறந்து நகலெடுக்கும் வேறொரு புரோகிராம், வேறு யூசர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. புது ஃபைலின் மோடிலிருந்து சில அனுமதிகளைக் கழிக்கும் யுமாஸ்க் 022, அதனால் ஃபைல் பிறந்தது மற்றவர்களும் படிக்கக்கூடிய 0644 ஆக. சிஎச்மாட் வருவதற்குள் அந்த நகலெடுக்கும் புரோகிராம் அதைத் திறந்துவிட்டது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் பெர்மிஷனைப் பார்ப்பது திறக்கும்போது மட்டும்தான். திறந்தவன் கையில் இருக்கும் டிஸ்கிரிப்டரை, பிறகு போடும் எந்த சிஎச்மாடும் பிடுங்காது. அப்புறம் எழுதிய வரிகளையும் அவன் படித்துக்கொண்டே இருக்கலாம்.

சிஎச்மாடுக்கு இன்னொரு பலவீனம், அது பெயரை நம்புவது. ஒவ்வொரு முறையும் பாதையைப் புதிதாகத் தேடிப் போகும், வேறொரு ஃபைலைச் சுட்டும் சிம்லிங்க் இருந்தால் அது காட்டும் இடத்துக்கே போய்விடும். பலர் எழுதக்கூடிய, ஸ்டிக்கி பிட் (அடுத்தவர் ஃபைலை அழிக்கவிடாத குறி) இல்லாத டைரக்டரியில் ஒருவர் உங்கள் ஃபைலை அழித்துவிட்டு அதே பெயரில் கடவுச்சொல் ஃபைலுக்கு ஒரு லிங்க் வைத்தால் என்ன ஆகும்? எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக ஓடி, யாரும் படிக்கலாம் எழுதலாம் என்று 0666 போடும் புரோகிராம் என்றால், கடவுச்சொல் ஃபைலுக்கே போய் அதைப் போட்டுவிட்டு வரும்.

எஃப்-சிஎச்மாட் இந்தப் பெயர்ச் சிக்கலைத் தீர்க்கிறது. திறந்த ஃபைல் எதுவோ அதையேதான் மாற்றும். ஆனால் முதலில் சொன்ன இடைவெளி அதிலும் அப்படியே இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. எஃப் சேர்த்துவிட்டோம், பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இடைவெளியே இல்லாத வழி ஓப்பனில் 0600 கொடுப்பதுதான். யுமாஸ்க் பிட்டுகளைக் கழிக்குமே தவிரக் கூட்டாது. எனவே 0600 கேட்டால் அதற்கு மேல் திறக்காது. ஒரு பொறி உண்டு: அந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால், நீங்கள் கொடுத்த மோடைக் கர்னல் கண்டுகொள்ளாது, பழைய 0644 அப்படியே நிற்கும். ஓப்பனில் உருவாக்கச் சொல்லும் ஓ_கிரியட் உடன், ஏற்கெனவே இருக்கக் கூடாது என்னும் ஓ_எக்ஸ்க்ளையும் சேர்த்தால் பிழை வந்து நின்றுவிடும். நிற்பதே நல்லது.

சி மொழியின் எஃப்ஓப்பனில் மோடு கொடுக்கவே இடம் கிடையாது, எப்போதும் 0666 தான் கேட்கும். அதனால் அதற்கு முன் யுமாஸ்க் 077 போட்டு, பின்பு பழையபடி மாற்றுவார்கள். யுமாஸ்க் பிராசஸ் (ஓடும் புரோகிராம்) முழுவதற்கும் ஒன்றுதான். அதே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் பக்கத்து த்ரெட் அந்த நேரத்தில் உருவாக்கும் ஃபைலுக்கும் அதே கெடுபிடி விழும். ஒற்றை த்ரெட் என்றால் சரி, இல்லையென்றால் நான் தொடமாட்டேன்.

அப்படியானால் எஃப்-சிஎச்மாட் எதற்கு? திறந்துவிடுவதற்கு. யுமாஸ்க் 022 இருக்கும்போது ஓப்பனில் 0664 கேட்டாலும் 0644 தான் கிடைக்கும். எஃப்-சிஎச்மாட் யுமாஸ்கைப் பார்க்காது. ஆகவே என் வழக்கம்: 0600 ஆக ஒரு தற்காலிகப் பெயரில் உருவாக்கு, முழுக்க எழுது, எஃப்-சிஎச்மாடில் வேண்டிய அளவு திற, கடைசியாகச் சரியான பெயருக்கு ரீநேம் செய். பெயரைச் சொல்லும் சிஎச்மாட், டெர்மினலில் கையால் அடிக்கும் வேலைக்குப் போதும்.

எதைப் பயன்படுத்தினாலும் முன்னால் வரும் பூஜ்யத்தை மறக்கக் கூடாது. சி-யில் 0644 என்பதற்குப் பதில் 644 என்று எழுதினால் கம்பைலர் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் அது 01204. உரிமையாளர் எழுதலாம், ஆனால் படிக்க முடியாது. குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஊரில் உள்ள மற்றவர்கள் படிக்கலாம். போதாக்குறைக்கு ஸ்டிக்கி பிட் வேறு. பைத்தான் 3-இல் 0644 என்றால் பிழை என்று சொல்லிவிடும், 644 என்றால் வாயைத் திறக்காது.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கூடுதலாகத் திறக்க வேண்டுமென்றால் 0666-க்குப் போகாமல் ஏசிஎல், அதாவது ஆள் பெயர் சொல்லி அனுமதி தரும் பட்டியல் போடலாம். ஆனால் ஏசிஎல் உள்ள ஃபைலில் சிஎச்மாடில் குழுவுக்கான இலக்கம் மாற்றுவது குழுவின் உரிமையை அல்ல, மாஸ்கை, அதாவது பெயர் சொல்லித் தந்த அனுமதிகளுக்கான உச்ச வரம்பை. 0600 போட்டால், நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்த அந்த ஆளும் வெளியே நிற்பார். அவர் வரி மட்டும் ஏசிஎல்லில் அப்படியே இருக்கும்.