பழைய நாடாளுமன்றக் கட்டடம், கான்பெரா: கோபத்தோடு போய்ப் பாருங்கள்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது பழைய நாடாளுமன்றக் கட்டடத்தைத்தான். 1927 முதல் 1988 வரை இங்கேதான் நாடாளுமன்றம் கூடியது. 2009 முதல் இது ஆஸ்திரேலிய ஜனநாயக அருங்காட்சியகமாக இருக்கிறது. சிட்னியிலிருந்து காரில் மூன்று மணி நேரம். இந்த நாட்டு அரசியல்மீது கோபம் உள்ளவர்கள் கட்டாயம் போக வேண்டும். எனக்கு அந்தக் கோபம் நிறையவே உண்டு.

2018 ஆகஸ்டை என்னால் மறக்க முடியாது. 18ஆம் தேதி சனிக்கிழமை, சிட்னியின் ஹோம்புஷ் மைதானத்தில் நம் ரக்பி அணியான வாலபீஸ் நியூசிலாந்திடம் 38-13 என்று தோற்றது. இடைவேளையின்போது 6-5 என்று நாம்தான் முன்னால் இருந்தோம், அதுதான் வயிற்றெரிச்சல். செவ்வாய்க்கிழமை ஆளும் லிபரல் கட்சிக்குள் தலைமைப் போட்டி நடந்தது. பிரதமர் டர்ன்புல், தன் அமைச்சரான பீட்டர் டட்டனை 48-35 என்று வென்று தப்பினார். வெள்ளிக்கிழமைக்குள் அவர் பதவியும் போய்விட்டது. டட்டனை 45-40 என்று தோற்கடித்து ஸ்காட் மாரிசன் பிரதமர் ஆனார். மறுநாளே ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் மறுபடியும் ரக்பி, மறுபடியும் அடி: 40-12. நியூசிலாந்தின் போடன் பாரெட் ஒருவரே நான்கு ட்ரை போட்டார் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை). அந்த மைதானத்தில் நாம் கடைசியாக ஜெயித்தது 1986இல். நாமும் நியூசிலாந்தும் மோதும் பிளெடிஸ்லோ கோப்பை 2003இல் கைவிட்டுப் போனது, இன்னும் திரும்பவில்லை.

அந்த வாரம் சிட்னியில் வென்ட்வொர்த்வில் பக்கம் மளிகைக்கடையிலும் ரயிலிலும் பேச்சு முழுக்க இதுதான். பிரதமர் ரட்டை இறக்கிவிட்டு கில்லார்ட், கில்லார்டை இறக்கிவிட்டு மறுபடி ரட், அபோட்டை இறக்கிவிட்டு டர்ன்புல் என்று 2010 முதல் பார்த்துப் பார்த்து சலித்துப்போன ஜனங்கள். ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் கட்ட வைக்கிற நாடு இது. அப்படி வரிசையில் நின்று போட்ட ஓட்டுக்கு என்ன மரியாதை?

சரி, கட்டடத்துக்கு வருகிறேன். வெளியில் பார்த்தால் வெள்ளை அடித்த, அகலமான, உயரமில்லாத கட்டடம். வாசல் படிகளிலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். 1975 நவம்பர் 11 அன்று, பிரதமர் விட்லமை அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் பதவிநீக்கம் செய்த பிறகு, நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அறிவிப்பு வாசிக்கப்பட்டது இங்கேதான். விட்லம் அங்கேயே நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

உள்ளே கீழவை பச்சை, மேலவை சிவப்பு. கீழவையில் இரண்டு தரப்பு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, தொலைக்காட்சியில் புதிய நாடாளுமன்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு நெருக்கம். சபாநாயகர் நாற்காலியை விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலிலிருந்து எடுத்த ஓக் மரமும் அதில் இருக்கிறது. பிரதமர் அறையையும் பார்க்கலாம். என் மகனுக்குப் பிடித்தது பத்திரிகையாளர் அறைகள். இத்தனை சின்ன அறைகளில் அத்தனை பேர் எப்படி வேலை பார்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

எனக்கு மனதில் நின்றது வழிகாட்டி சொன்ன 1971 மார்ச் 10 கதை. அன்று இதே கட்டடத்தில் லிபரல் எம்.பி.க்கள் கூடி, பிரதமர் கார்ட்டன்மீது நம்பிக்கை உண்டா என்று ரகசிய ஓட்டெடுத்தார்கள். 33-33 என்று சரிசமம். சமம் என்றால் நம்பிக்கை இல்லை என்றுதான் பொருள் என்று கார்ட்டனே விலகிவிட்டார், மக்மஹன் பிரதமர் ஆனார். கார்ட்டனைத் துணைத் தலைவராக அந்தக் கூட்டமே தேர்ந்தெடுத்ததைக் கேட்டதும் மகன் திரும்பி, "அம்மா, இதுல மக்கள் எங்க வந்தாங்க?" என்றான். வழிகாட்டி நிதானமாக விளக்கினார்: நாம் தேர்ந்தெடுப்பது நம் தொகுதி எம்.பி.யை, பிரதமரைத் தேர்ந்தெடுப்பது எம்.பி.க்கள். எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்தச் சுவர்களுக்குள் நின்று கேட்டபோது கோபம் குறையவில்லை, இன்னும் தெளிவானது.

ரக்பியில் தோற்றால் என்ன நடந்தது என்று எண்பது நிமிடமும் கண்ணால் பார்க்கிறோம். யார் டேக்கிளைத் தவறவிட்டார், வெளியே போன பந்தை உள்ளே எறியும் எந்த லைன்-அவுட்டைக் கோட்டைவிட்டோம் என்று விடிய விடிய சண்டை போடலாம். 2023 உலகக் கோப்பையில் ஃபிஜியிடம் 22-15, வேல்ஸிடம் 40-6 என்று தோற்று முதல் சுற்றோடு வெளியேறியபோதும் அப்படித்தான். அந்த ஆண்டு ஜனவரியில்தான் டேவ் ரெனியை அனுப்பிவிட்டு எடி ஜோன்ஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள், அக்டோபரில் அவரும் விலகினார். ஆனால் பயிற்சியாளரை மாற்றிய முடிவு பூட்டிய அறையில் எடுத்தது. கட்சி ஓட்டெடுப்பும் அதே மாதிரிதான். கொறடா வெளியே வந்து எண்ணை மட்டும் சொல்வார். நான் ஓட்டுப் போட்ட எம்.பி. யார் பக்கம் கை காட்டினார் என்று எனக்குத் தெரிய வழியில்லை. என் ஆத்திரமெல்லாம் அங்கேதான்.

ஜனங்களின் கோபம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் லேபர் கட்சி, பதவியில் உள்ள பிரதமரை அசைக்க முக்கால்வாசி எம்.பி.க்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி மாற்றியது. தேர்தலில் வென்ற பிரதமரை இறக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று 2018 டிசம்பரில் லிபரல் கட்சியும் மாறியது.

நிதானமாகப் பார்க்க அரைநாள் ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாக விளையாட்டு இடம் இருக்கிறது. ஆண்டுதோறும் வைக்கும் அரசியல் கார்ட்டூன் கண்காட்சி நடந்துகொண்டிருந்தால் அதை முதலில் பாருங்கள். வழிகாட்டியோடு சுற்றுவது நல்லது, தனியாகப் போனால் வெறும் நாற்காலிகளைத்தான் பார்ப்பீர்கள். அப்புறம் பின்னாலுள்ள குன்றில் புதிய நாடாளுமன்றத்துக்குப் போய், பிரதமர்களின் ஓவியங்களை வரிசையாகப் பார்த்து வாருங்கள். குளிர்காலத்தில் போனால் தடித்த ஜாக்கெட் வேண்டும், கான்பெராவின் புரூஸ் மைதானத்தில் இரவு ரக்பி ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் வேண்டும்.