வெள்ளியங்கிரி அடிவாரத்து மூங்கில் கம்பு: 40 ரூபாய்க்குத் தேறுமா?

கோவைக்குப் பக்கத்திலிருக்கும் வெள்ளியங்கிரி மலையைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை, நான் சொல்லப்போவது பூண்டி அடிவாரத்தில் விற்கிற மூங்கில் கம்பைப் பற்றி. போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பித்து மறுநாள் மதியம் இறங்கினோம், நானும் ஒரு நண்பனும். அவன் கையில் ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய மடக்கு ஸ்டிக். எனக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடைக்கார அம்மா விடவில்லை. "ஏறறதுக்கு இல்ல கண்ணு, எறங்கறதுக்கு வாங்கிக்கோ" என்றார். 40 ரூபாய் கொடுத்தேன்.

முதல் மலை முழுக்கச் செங்குத்தான கல் படி. உச்சிக்குப் போக ஏற வேண்டிய ஏழு மலையில் ஆளைக் கழற்றிப் போடுவது இதுதான், வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் நாக்கு தள்ளிவிடும். இங்கே கம்பால் பெரிய லாபம் இல்லை, சொல்லப்போனால் தொந்தரவு: முன்னால் போகிறவர் கம்பு நம் முழங்காலில் இடிக்கும், நம்முடையது பின்னால் வருகிறவர் காலில். அடியில் ரப்பரும் கிடையாது, தேய்ந்த படியில் வழுக்கும். பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை எல்லாம் தாண்டிப் பாதை கொஞ்சம் சமமானதும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கும்போதுதான் முதல்முறையாக அதன் அருமை தெரிந்தது.

உச்சியில் குளிர்காற்று, பாறைக் குகைக்குள் சுயம்பு லிங்கம், விடியல். சரி, கம்புக்கு வருகிறேன்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது, முதல் மலைப் படிக்கு வருவதற்குள் தொடை தானாக நடுங்க ஆரம்பித்துவிடும். கீழ்ப்படியில் கம்பை ஊன்றி, உடம்புப் பாரத்தை அதன்மேல் போட்டு, அப்புறம் காலை வைக்க வேண்டும், அப்படி ஒவ்வொரு படியாக. நண்பனின் ஸ்டிக்கோ திருகிப் பூட்டுகிற இடத்தில் நழுவி நழுவி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அதைப் பைக்குள் போட்டுவிட்டு என் கம்பைக் கேட்டான், ஐம்பது படிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். இருட்டில் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்காமல் டார்ச் அடித்து விரிசல் இருக்கிறதா பாருங்கள். பச்சை மூங்கில் கனக்கும், காய்ந்ததாகக் கேளுங்கள். கணு நெருக்கமாக இருக்க வேண்டும், உயரம் நெஞ்சு வரை போதும். என் கம்பில் பிடிக்கிற இடத்துக் கணுவைச் சரியாகச் செதுக்கவில்லை, உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். துண்டைச் சுற்றிப் பிடித்த பிறகு சரியானது. இறங்கி முடிப்பதற்குள் அடிமுனை பல் துலக்கிய வேப்பங்குச்சி மாதிரி நாராகிவிட்டது.

வனத்துறை சோதனையில் கம்புக்குக் கேள்வி இல்லை, பிளாஸ்டிக் பாட்டிலுக்குத்தான் 20 ரூபாய் வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், இறங்கி வந்து பாட்டிலைக் காட்டினால் காசு திரும்பக் கிடைக்கும். ஏற விடுவது பிப்ரவரியிலிருந்து மே வரைதான். இருதயக் கோளாறு, மூச்சுத்திணறல் இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள், அதைக் கேளுங்கள். சீசனில் மலையிலேயே உயிர் போனவர்கள் உண்டு, கம்பு முட்டியைத்தான் தாங்கும்.

ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது அந்தக் கொப்புளத்துக்காக. காந்திபுரம் பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்று வந்தோம், அதற்கும் ஊன்றிக்கொள்ள அந்தக் கம்புதான்.