கிளாஸ்ரூமுக்கு மினி ஒயிட்போர்டு செட், வாங்கலாமா வேணாமா

போர்டு நல்லாருக்கு, கூட வர்ற மார்க்கர் மட்டம். அவசரத்துல இருக்கவங்க இதோட நிறுத்திக்கலாம். மத்தவங்க மேல படிங்க, ஏன்னா இத வச்சு கிளாஸ்ல என்ன பண்றோம்ங்கறதுல தான் விஷயமே இருக்கு.

செட்டுல ஆளுக்கு ஒண்ணு வர்ற மாதிரி ஏ4 சைஸ் போர்டுங்க, மூடியிலயே குட்டி டஸ்டர் ஒட்டின மார்க்கருங்க, துடைக்க துணி. ஒரு பக்கம் வெறும் வெள்ளை, இன்னொரு பக்கம் கட்டம். நான் கணக்கு எடுக்கறதால அந்த கட்டம் போட்ட பக்கத்துக்கே காசு கொடுக்கலாம்னு தோணுது, கிராஃப், பரப்பளவு, பின்னம் எதுக்குமே ஸ்கேல் எடு நோட்ட தொறன்னு கத்த வேண்டியதில்ல. மேல மெலமைன் பூச்சு, உடனே தொடச்சா சுத்தமா போயிடும், ராத்திரி பூரா எழுத்த அப்படியே விட்டா மறுநாள் நிழலாட்டம் கறை நிக்கும். யாராவது பெர்மனன்ட் மார்க்கர்ல கிறுக்கிட்டா (கண்டிப்பா கிறுக்குவாங்க) டென்ஷன் ஆகாதீங்க, அது மேலயே ஒயிட்போர்டு மார்க்கரால நல்லா பூசி காயறதுக்குள்ள தொடச்சா பழைய மையும் கரைஞ்சு சேந்து வந்துடும்.

மார்க்கர் தான் சொதப்பல். முனை தடிமனா இருக்கு, குட்டிப் பசங்க எழுதுனா ரெண்டு வரியில போர்டே ரொம்பிடுது, அமுக்கி எழுதுற பசங்க கையில முனை உள்ள போயிடுது. நிக்க வைக்காம படுக்க வச்சா கொஞ்ச நாள் கூட வரும். மெல்லிசு முனை மார்க்கர் தனியா வாங்கிடறது உத்தமம்.

சரி, பாடத்துக்கு வருவோம். வழக்கமா ஒரு கேள்வி கேட்டா அதே நாலு கை தான் மேல போகும், அதுல ஒருத்தர் சரியா சொன்னதும் எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சு அடுத்ததுக்கு போயிடுவோம். போர்டு அத ஒடச்சிடுது. "0.35, 0.4, இதுல எது பெருசு?" இத போர்டுல எழுதி எல்லாரையும் தூக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்க, 35 தானே 4ஐ விட பெருசுன்னு 0.35 எழுதுறவங்க எத்தன பேர்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும், அதுல எப்பவும் பேசாம கடைசியில உக்காந்திருக்க பசங்களும் இருப்பாங்க, நல்லா படிக்கிறவங்கன்னு நாம முத்திரை குத்தினவங்களும் இருப்பாங்க. 1/3 + 1/4 கேட்டா 2/7ன்னு ஒரு கூட்டம் வரும் பாருங்க, அந்தத் தப்பு தான் அன்னைக்கு உண்மையான பாடமே.

ஆனா ஒண்ணு, ஒழுங்குமுறை இல்லன்னா இது வெறும் காப்பி அடிக்கிற மிஷின். எழுதும்போது போர்ட நெஞ்சோட அணைச்சு வச்சுக்கணும், "மூணு, ரெண்டு, ஒண்ணு, காட்டு"ன்னு சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்துல தூக்கணும், நான் சொல்ற வரைக்கும் எறக்கக் கூடாது. இந்த ரூல கறாரா பிடிக்கலன்னா முதல்ல தூக்குனவன் விடைய பாத்து மத்தவங்க அழிச்சு எழுதிடுவாங்க. ஆரம்பத்துல படம் வரைவாங்க, மீசை வரைவாங்க, பக்கத்துல இருக்கவன் மேலயும் வரைவாங்க, அதனால முதல் தடவ கொஞ்ச நேரம் கிறுக்க விட்டுடுங்க, ஆசை தீந்துடும்.

இன்னொரு லாபம், பசங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கறது. மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்லயே சொன்னாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்ட் தான் காத்திருக்கோமாம், அத 3 செகண்ட் ஆக்கினாலே பசங்க பதில் நீளமாகுது, தெரியலன்னு சொல்றது குறையுது. வெறும் வாயால கேட்டா அந்த 3 செகண்ட் மௌனத்த தாங்க முடியாது நமக்கு, எதையாவது பேசி கெடுத்துடுவோம். எல்லாரும் எழுதிட்டு இருக்கும்போது நாம பேசாம நிக்கறது சுலபமா இருக்கு.

போர்டோட பெரிய குறை என்னன்னா எல்லாம் அழிஞ்சிடும். பரீட்ச பேப்பர் மாதிரி எடுத்துட்டுப் போய் உக்காந்து பாக்க முடியாது. அதனால இதோட ஒரு சாதா நோட்டும் இருந்தே ஆகணும்னு சொல்வேன். பெல் அடிச்சதும் ரெண்டே வரி: என்ன கேள்வி, எந்தத் தப்பு கூட்டமா வந்துச்சு, நாளைக்கு எதுல ஆரம்பிக்கணும். "இன்னைக்கு கிளாஸ் நல்லா போச்சு"ன்னு எழுதுற டைரியால ஒரு பிரயோஜனமும் இல்ல, "2/7 எழுதினாங்க, நாளைக்கு கட்டத்துல ரெண்டு பின்னத்தையும் வரைய வைக்கணும்"னு எழுதினா மறுநாள் லெசன் பிளான் பாதி ரெடி. டீச்சர் ட்ரெயினிங்ல டொனால்ட் ஷோன் பேர் கேட்டிருப்பீங்க, வேல நடக்கும்போதே யோசிக்கறது வேற, முடிஞ்சப்புறம் யோசிக்கறது வேறன்னு 1983ல எழுதினவரு. முதலாவதுக்கு போர்டு, ரெண்டாவதுக்கு நோட்டு, அவ்ளோதான்.

மொழிப்பாடம், வரலாறு எடுக்கறவங்களுக்கு இந்த அளவு பிரயோஜனம் கிடைக்குமான்னா டவுட்டு தான். வருஷம், எழுத்துப்பிழை, ஒரு வார்த்த விடைக்கு ஓகே, பத்தி பத்தியா எழுத வைக்க இது ஆகாது. கிளாஸ் ரொம்ப பெருசா இருந்தாலும் பின் வரிசை எழுத்து கண்ணுக்கே தெரியாது, பெருசா எழுதுன்னு சொல்லிட்டே இருக்கணும்.

செட் வாங்க யோசிக்கறவங்க முதல்ல ஒளிபுகும் பிளாஸ்டிக் ஃபைல் கவருக்குள்ள ஒரு தடி வெள்ளத் தாள சொருகி ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. கொஞ்சம் வளையும், துடைச்சாலும் லேசா மங்கலா நிக்கும், ஆனா உள்ள இருக்க தாள மாத்தி எண்கோடு, வரைபடம், காலி அட்டவணைன்னு எத வேணா வச்சுக்கலாம், அந்த வசதி விலை கொடுத்து வாங்குற போர்டுல கெடையாது.