டீம் லீடா, அன்னதானப் பொறுப்பா? எம்பிஏ விண்ணப்பத்தில் எதை எழுதுவது

பெங்களூர் அல்சூர் பக்கம் நம் பிள்ளைகள் பலரிடம் தலைமைப் பண்பைக் காட்ட இரண்டு அனுபவங்கள் இருக்கின்றன: ஐடி கம்பெனியில் டீம் லீட், ஞாயிறுகளில் கோயில் அன்னதானப் பொறுப்பு.

டீம் லீட் வேலையைச் சரிபார்ப்பது எளிது. மேலாளரே பரிந்துரைக் கடிதம் தருவார். ஆனால் இதே கதையோடு பெங்களூரிலிருந்து ஏராளமானோர் விண்ணப்பிக்கிறார்கள்.

அன்னதானத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. காய் நறுக்க வருகிறேன் என்றவர் காலை ஆறு மணிக்கு வராவிட்டால் மெமோ கொடுக்க முடியாது. பேசித்தான் ஆள் சேர்க்க வேண்டும். பந்தி நடுவில் சாம்பார் தீர்ந்தபோது என்ன முடிவெடுத்தீர்கள், யார் எதிர்த்தார்கள், அடுத்த வாரம் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். தேர்வுக் குழு தேடுவது இதைத்தான். வெறுமனே 'சேவை செய்தேன்' என்றால் எடுபடாது.

சரி, எங்கே எடுபடும்? பன்னேர்கட்டா சாலை ஐஐஎம்மின் இரண்டு வருட எம்பிஏ படிப்பான பிஜிபிக்கு முதல் சுற்றில் கேட் (CAT) நுழைவுத் தேர்வு மதிப்பெண், பள்ளி, கல்லூரி மதிப்பெண்கள், வேலை பார்த்த மாதங்கள் என்று கணக்குதான் பேசும். இந்தக் கதைக்கு நேர்முகத்தில்தான் இடம். அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2024 முதல் தலைமைப் பண்புக்கென்றே தனிக் கட்டுரை கேட்கிறது. அதில் அன்னதானத்தைத்தான் எழுதச் சொல்வேன்; டீம் லீட் வேலையை மேலாளரின் கடிதம் பார்த்துக்கொள்ளும்.